பதிமூன்றுக்குக் கீழே ஒரு பள்ளம்

கருணாகரனை இசையமைப்பாளர் என்று யாராவது சொல்லிவிட்டால் அவர் முகம் சுருங்கிப் போகும். அவர் ஒலிச் சிற்பி. அழைப்பிதழிலும் அப்படித்தான் போட்டிருந்தது. வெளிநாட்டில் ஏதோ ஒரு பழைய கசாப்புக் கூடத்தில் பனி உருகுகிற சத்தத்தை மணிக்கணக்கில் ஒலிபரப்பியவர். கேட்டவர்களில் பாதிப் பேர் அழுதார்கள் என்று அவரே சொல்வார். மீதிப் பேருக்குச் சளி பிடித்திருக்கும் என்பது ஸ்டுடியோக்காரன் ஜார்ஜின் கணிப்பு.

இந்த வருஷம் அவருடைய பார்வை வடசென்னை மீது விழுந்திருந்தது. வடசென்னை மீது எது எதுவோ விழுகிறது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் விழுகிறது, கப்பல் எண்ணெய் விழுகிறது, தேர்தலுக்குத் தேர்தல் வாக்குறுதி விழுகிறது. கலை விழுவது ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதற்கும் ஒரு கப்பல் கம்பெனியின் அறக்கட்டளை பணம் கொடுத்தது. ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டிய பழைய கிடங்கு ஒன்றுக்கு வெள்ளையடித்து, வௌவால்களை விரட்டி, "கடலின் கடைசி வாக்கியம்" என்று பலகை மாட்டினார்கள்.

விஷயம் இதுதான். கடலுக்குப் போய்க் காணாமல் போன ஒரு மீனவனின் படகு எந்த வழியாகப் போனது என்பதை, அதிலிருந்த ஜிபிஎஸ் பெட்டி எண் எண்ணாக எழுதி வைத்திருக்கிறது. அந்த எண்களை இசை மென்பொருளுக்குள் போட்டால் படகின் பாதை பாட்டாகிவிடும். படகு வடக்கே இருந்தால் சுருதி மேலே, தெற்கே இறங்கினால் சுருதி கீழே.

காணாமல் போனவன் பெயர் ராமதாஸ். எண்களை மென்பொருளுக்குள் போடுகிற வேலைக்கு அமர்த்தப்பட்டவன் அவனுடைய தம்பி வெற்றி.

வெற்றி முகத்துவாரக்குப்பத்துக்காரன். படகு ஏறினால் வாந்தி எடுப்பான் என்பதால் சின்ன வயதிலேயே கரையில் விடப்பட்டவன். திருவொற்றியூரில் ஐஸ் பெட்டி விற்கிற கடைக்கு மேலே ஜார்ஜ் நடத்துகிற ஸ்டுடியோவில் கல்யாணப் பாட்டு, கட்சிப் பாட்டு, கருமாதிப் பாட்டு எல்லாம் அவன் கைவண்ணம்தான். "உள்ளூரின் காது ஒன்று வேண்டும்" என்று தேடி வந்த கருணாகரன் சுவரில் ராமதாஸின் படத்தைப் பார்த்தார், கதையைக் கேட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உங்கள் அண்ணனின் பெயர் முதல் பலகையிலேயே இருக்கும் என்றார். போலீஸ் ஆவணத்தில் "காணவில்லை" என்ற ஒற்றைச் சொல்லாக இருந்த அண்ணனுக்கு ஒரு பலகையாவது கிடைக்கட்டுமே என்று வெற்றி தலையாட்டினான்.

போன கார்த்திகையில் நடந்தது அது. கூட வரவேண்டிய மாசானத்துக்குக் காய்ச்சல். முதல்நாள் போட்ட வலையை எடுத்து வந்துவிடுகிறேன் என்று ராமதாஸ் தனியாகப் படகை இறக்கினான். படகு மட்டும் கோவளத்துக்குத் தெற்கே கரை ஒதுங்கியது, மூக்கு உடைந்து, ஆளில்லாமல். குப்பத்துப் படகுகள் எல்லாம் கோவளத்தைச் சுற்றியே தேடின. உடல் கிடைக்கவில்லை. ஜிபிஎஸ் பெட்டியைப் போலீஸ் எடுத்துப் போய், மாதக்கணக்கில் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருந்து, போன மாதம்தான் திருப்பிக் கொடுத்தது. யாரும் அதைத் திறந்து பார்த்த மாதிரித் தெரியவில்லை.

வெற்றி பெட்டியைக் கணினியில் செருகி எண்களை இறக்கினான். எந்த வடிவத்தில் வேண்டும் என்று கணினி கேட்டது. மூன்று நான்கு வடிவங்கள் இருந்தன. அவனுக்குப் பழக்கமானதைத் தேர்ந்தெடுத்தான்: 13.14.250. குப்பத்தில் ஒரு இடம் எவ்வளவு வடக்கே என்பதை இப்படித்தான் சொல்வார்கள். பதிமூணு, பதினாலு, இருநூத்தம்பது. பதின்மூன்று டிகிரி, பதினான்கு நிமிடம், அதற்குமேல் ஒரு நிமிடத்தை ஆயிரமாக உடைத்ததில் இருநூற்றைம்பது. ஆனால் படகில் போகிறவர்கள் யாரும் டிகிரி, நிமிடம் என்றெல்லாம் வாயைத் திறப்பதில்லை. மூன்றையும் சேர்த்து ஒரே மூச்சில் சொல்வார்கள், போன் நம்பர் சொல்கிற மாதிரி.

மென்பொருள் அதை வாங்கிக்கொண்டு ஊமையாக இருந்தது. எத்தனை முறை ஓட்டினாலும் சத்தம் இல்லை. கருணாகரன் முதலில் அந்த மௌனத்தையே பாராட்டினார். அது பிழை என்று தெரிந்ததும் கோபித்துக்கொண்டார்.

"ரெண்டு புள்ளி கீது மாமு," என்றான் ஜார்ஜ், திரையை எட்டிப் பார்த்து. "ஒரு நம்பருக்கு ஒரு புள்ளி தான. ரெண்டு வெச்சா அது நம்பருன்னே நெனிக்காது. எழுத்துன்னு நெனிச்சிக்கினு முட்ட போட்டுனு கீது."

உண்மைதான். அத்தனை வரியையும் மென்பொருள் பூஜ்யமாகப் படித்துக்கொண்டிருந்தது. வெற்றி முதல் புள்ளியை மொத்தமாக எடுத்துவிட்டான். 13.14.250 என்பது 1314.250 ஆனது. குப்பத்துக்காரன் வாயில் அது எப்படியும் ஒரே எண்தானே. மென்பொருள் இப்போது வாயைத் திறந்தது.

ஒரு நீண்ட, ஒற்றை நாத ஓசை. கொஞ்சம் கொஞ்சமாக, கவனித்தால் மட்டும் தெரிகிற அளவில், இறங்கிக்கொண்டே வந்தது. பிறகு திடீரென்று, மாடியிலிருந்து ஆள் விழுந்த மாதிரி, ஒரு பாதாள வீழ்ச்சி. ஸ்பீக்கர் அதிர்ந்து மேசை மேலிருந்த டீ கிளாஸ் நகர்ந்தது. அதற்கப்புறம் அடித்தொண்டையில் ஒரு முனகல், கடைசி வரைக்கும்.

கருணாகரன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கண்ணோரம் ஈரம். "இங்கேதான்," என்றார். "இங்கேதான் கடல் அவனைத் தன் மொழிக்குள் எடுத்துக்கொள்கிறது."

"சார், டீ ஆறுது," என்றான் ஜார்ஜ்.

ராமதாஸின் மனைவி சௌமியாவைக் கூப்பிட்டு ஒரு முறை போட்டுக் காட்டவேண்டும் என்பது அறக்கட்டளையின் விதி. துயரப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் துயரத்தை அரங்கேற்றக் கூடாதாம். எண்ணூர் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டுக் கூடையோடு வந்தாள். கூடையை வெளியே வைக்கட்டுமா என்று கேட்டாள். உள்ளேயே இருக்கட்டும், அந்த மணமும் உண்மையின் பகுதி என்றார் கருணாகரன். பிறகு ஜன்னல் பக்கமாக நாற்காலியை நகர்த்திக்கொண்டார்.

சௌமியா கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். வீழ்ச்சி வந்தபோது தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு.

"இன்னாடா அது, நடுவுல தொப்புனு வுழுந்துச்சே?"

"அண்ணனோட போட்டு போன வழி அண்ணி. தெக்கால போவப்போவ சத்தம் எறங்கும்."

"அது புரியுது. எறங்கறது வேற, வுழறது வேற. அங்க இன்னா ஆச்சி?"

"அம்மா," என்று கருணாகரன் குரலைத் தாழ்த்தினார், "அது மரணத்தின் வாசல்."

"வாசலு கெடக்கட்டும் சார். எந்த எடம்?"

வெற்றி எண்ணைப் பார்த்துச் சொன்னான். "பன்னண்டு அம்பத்தொம்போது. திருவான்மியூருக்கு நேரா, கடலுக்குள்ள."

சௌமியா எழுந்து நின்றாள். "ஆர்பருக்குள்ள போவ கப்பலுங்க மொற வெச்சி நிக்கிற எடம். நான் அன்னிக்கே சொன்னேன்ல? மூக்கு ஒடஞ்சி கெடந்துச்சேடா. அல அடிச்சி ஒடஞ்சிதுன்னு எழுதினு போனானுங்க. இப்ப மிசினே சொல்லுதில்ல?"

வெற்றிக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்படித் தோன்றியதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. அண்ணன் தனியாகக் கால் தவறி விழுந்து சாகவில்லை; ஒரு இரும்பு மலை வந்து இடித்துத்தான் செத்தான். அதில் கோபப்படுவதற்கு ஒரு ஆள் இருந்தது.

மறுநாளே சௌமியா நெடுஞ்சாலையில் உட்கார்ந்தாள். குப்பத்துப் பெண்கள் கூட உட்கார்ந்தார்கள். கன்டெய்னர் லாரிகள் திருவொற்றியூர் வரைக்கும் நின்றன. போலீஸ் வந்து எழுப்பியது. ஓரத்தில் பந்தல் போட்டு மறுபடி உட்கார்ந்தார்கள். டிவிக்காரனிடம் சௌமியா சொன்னாள்: "கப்பலு இடிச்சது பொட்டியில பதிவாயிகீது. சத்தத்தோட கீது. என் கொழுந்தன் கேக்க வெச்சான்."

கருணாகரனுக்கு அந்த வீழ்ச்சி போதவில்லை. அதை ஒரு நிமிடத்துக்கு நீட்டிக் கொடுங்கள், பார்வையாளர் அதில் வசிக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். நீட்டுவதற்காக வெற்றி அந்த இடத்து எண்களை மட்டும் திரையில் திறந்தான்.

மேலே 1300.003. அடுத்த வரி 1259.998.

பார்த்தான். பழக்கத்தில் குப்பத்துப் பேச்சில் வாய்விட்டுப் படித்தான். "பதிமூணு, சுழி, மூணு. பன்னண்டு, அம்பத்தொம்போது, தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தெட்டு."

பக்கத்துப் பக்கத்து இடம். ஒரு படகு நீளம்தான் இருக்கும். கடிகாரத்தில் ஒரு மணிக்கு முந்தி பன்னிரண்டு ஐம்பத்தொன்பது இருக்கிற மாதிரி. நிமிடம் அறுபதோடு முடிந்து டிகிரி ஒன்று கூடும். புள்ளி இருந்தவரை அது தெரிந்தது. புள்ளியை எடுத்து ஒட்டவைத்ததும், ஆயிரத்து முந்நூறுக்கும் ஆயிரத்து இருநூற்று அறுபதுக்கும் நடுவில் கடலில் இல்லாத நாற்பது படிகள் முளைத்துவிட்டன. மென்பொருள் அந்த இல்லாத பள்ளத்தில்தான் படகைத் தள்ளியிருந்தது. அண்ணனின் படகு திருவான்மியூருக்கு நேரே சும்மா மிதந்து போயிருக்கிறது. அங்கே எதுவும் நடக்கவில்லை.

நடந்தது இந்த அறையில். செய்தது அவன்.

நிமிடத்தை அறுபதால் வகுத்து டிகிரியோடு கூட்டினான். மறுபடி ஓட்டினான். ஒரு சாய்ந்த கோடு போல சுருதி தொடக்கத்திலிருந்து கடைசி வரை வழுக்கிக்கொண்டு போனது. தொப்பும் இல்லை, துளியும் இல்லை. ஜார்ஜ் கொட்டாவி விட்டான். விட்ட பிறகுதான் நண்பனின் முகத்தைப் பார்த்து வாயை மூடினான்.

சௌமியாவிடம் போகிற தைரியம் இல்லாததால் வெற்றி முதலில் கருணாகரனிடம் போனான். கோழைகள் எல்லோரும் முதலில் மேலிடத்தில்தான் சொல்வார்கள். கருணாகரன் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் தோளில் கை வைத்தார்.

"வெற்றி, எண் தவறாக இருக்கலாம். உணர்வு எப்படித் தவறாக இருக்கும்? நான் அழுதேனே. அது பொய்யா?"

"சார், அந்த எடத்துல ஒண்ணுமே நடக்கல சார்."

"அதைச் சொல்ல நீங்களும் நானும் யார்? பிழை என்பது எண்களின் கனவு. அப்படியே விடுங்கள்."

எண்களின் கனவை அப்படியே விட்டுவிட்டு வெற்றி ஸ்டுடியோவுக்கு வந்தான். கை சும்மா இருக்கவில்லை. பள்ளம் இருந்தவரை அதன் ஆழத்துக்கு முன்னால் மற்றதெல்லாம் தட்டையாகத் தெரிந்திருந்தது. இப்போது தொடக்கப் பகுதியில், முகத்துவாரத்துக்கு வெளியே கொஞ்ச தூரத்தில், கோட்டில் ஏதோ சொரசொரப்பு இருப்பது கண்ணில் பட்டது. அந்தத் துண்டை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினான். சுருதியை அந்தத் துண்டுக்குள்ளேயே விரித்து ஓட்டினான்.

மேலே ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது. தொட்டில் ஆட்டுகிற மாதிரி ஒரே சீராக. ஒவ்வொரு ஆட்டமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே நகர்ந்தது. வெகுநேரம் ஆடிய பிறகு ஆட்டம் சட்டென்று நின்றது. அங்கிருந்துதான் அந்த வழுக்கல் தொடங்கியது.

வாந்தி எடுக்கிறவன் என்றாலும் குப்பத்தில் பிறந்தவன். மோட்டார் ஓடும்போது கைப்பிடியில் கை இல்லையென்றால் படகு தானாக ஒரு பக்கம் திரும்பும். திரும்பித் திரும்பி வட்டம் போடும். எண்ணெய் தீர்கிறவரை போடும். ஆள் தண்ணீரில் இருக்க, படகு அவனைச் சுற்றி வரும். கிட்டே வரும், போகும். எட்டிப் பிடித்தால் பிடிக்கலாம் என்கிற மாதிரி வரும். கீழே காற்றாடி சுழல்வதால் பிடிக்கவும் முடியாது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் படியில் இறங்கி, ஐஸ் பெட்டிக் கடை வாசலில் உட்கார்ந்துகொண்டான். பந்தல் பக்கம் போகவில்லை. அண்ணி வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்தும் போகவில்லை. கேட்டவர்களிடம் வேலை இருக்கிறது என்றான்.

அவனைப் போகவைத்தது கருணாகரன்தான். போனில் அவருடைய குரல் வேறு மாதிரி இருந்தது. சிற்பம் கழன்று வெறும் கல் தெரிந்தது. அறக்கட்டளைக்குக் காசு கொடுப்பதே ஒரு கப்பல் கம்பெனி என்பதை யாரோ அவருக்கு நினைவுபடுத்தியிருக்கிறார்கள். கப்பல் இடித்தது சத்தத்தோடு பதிவாகியிருக்கிறது என்று டிவியில் ஒரு மீன்காரம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போது, அந்தச் சத்தத்தைக் கப்பல் கம்பெனியின் செலவில் அரங்கேற்றுவது நன்றாகவா இருக்கும்?

"வெற்றி, நேர்மைதான் கலையின் முதுகெலும்பு," என்றார். "நீங்கள் அன்றைக்குச் சொன்னதை யோசித்தேன். தவறான எண்ணை வைத்து அழுவது கேட்பவரை ஏமாற்றுவது. திருத்தியதை அனுப்புங்கள். மேடையிலேயே அறிவித்துவிடுகிறேன். கம்பெனி வக்கீலும் ஒரு நகல் கேட்கிறார்."

"எண்ணோட கனவுன்னீங்களே சார்?"

"கனவிலிருந்து விழிக்கவும் வேண்டும் இல்லையா."

வக்கீல் சொல்லி அண்ணிக்குத் தெரிவதைவிடத் தானே சொல்வது மேல். மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பந்தலுக்குப் போனான். பெண்கள் சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வா தொர," என்றாள் சௌமியா. "மிசின கண்டுபுட்ச்சவன் நீ. ஒரு நாளாச்சும் வந்து குந்துனியா? கப்பலுகாரன் காசு குட்த்துட்டானா?"

"அண்ணி, வூட்டாண்ட வா. ஒண்ணு சொல்லணும்."

அவன் முகத்தைப் பார்த்ததும் கிண்டலை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். வீட்டில் யாரும் இல்லை. புள்ளி எடுத்த கதையை முதலில் சொன்னான். தன் தப்பு என்று சொன்னான். கடிகாரத்தைக் காட்டி விளக்கினான். அவள் மெதுவாகத் தலையாட்டினாள்.

"அப்ப கப்பலு இல்ல."

"அங்க இல்ல அண்ணி."

"எங்கியோ இடிச்சிக்கலாமில்ல?"

அவன் ஹெட்போனை அவள் தலையில் மாட்டினான். அந்தத் துண்டை ஓட்டினான். அவளுடைய முகத்தைப் பார்க்க முடியாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் புருவத்தைச் சுருக்கினாள். அப்புறம் அவளுடைய விரல், அவளுக்கே தெரியாமல், தரையில் வட்டம் போட ஆரம்பித்தது. போட்டுக்கொண்டே இருந்தது. பாதியில் நின்றது. ஆனால் ஹெட்போனைக் கழற்றவில்லை. ஆட்டம் நிற்கிற வரைக்கும் கேட்டாள்.

"கையி வுட்டுப் போச்சி," என்றாள்.

"ஆமா அண்ணி."

"எந்த எடம்?"

"மொகத்துவாரத்துக்கு வெளிய தான். நம்ம கோயிலு கோபுரம் தெரியும், அந்த தூரம்."

"நாம கோவளத்துல தேடினோம்."

"ஆமா."

"எம்மா நேரம்டா சுத்துச்சி?"

"எண்ணெ தீர்ற வரிக்கும்."

சௌமியா சுவரில் சாய்ந்தாள். "அது அர டேங்கு போதும்னு சொல்லிச்சி. நாந்தான் கொற எண்ணெயில போவாதன்னு கேனு ஃபுல்லா தூக்கினு போயி ஊத்துனேன். தளும்பத் தளும்ப ஊத்துனேன்டா."

வெற்றி கம்பெனி, வக்கீல், மேடை என்று என்னவோ உளறினான். அவள் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு எழுந்தாள்.

"சரிவு மட்டும் குடு அவனுங்களுக்கு. இந்தச் சுத்துறத குடுக்காத. இத்தக் கேட்டு எவனும் தலையாட்டக் கூடாது."

"சரி அண்ணி."

பந்தலுக்குத் திரும்பிப் போனாள். "கப்பலு இல்லியாம். எய்ந்திரிங்க," என்றாள். ஏன், எவன் சொன்னான், எவ்ளோ வாங்கினே என்று நாலு பக்கமிருந்தும் கேள்வி வந்தது. ஒருத்தி கேட்கக் கூடாததையே கேட்டாள். சௌமியா பந்தல் கம்பைத் தானே பிடுங்கத் தொடங்கினாள்.

அரங்கேற்றம் ஓகோ என்று நடந்ததாக ஜார்ஜ் சொன்னான். முன்வரிசையில் "மீனவச் சமூகம்" என்று ஒட்டிய நாற்காலிகள் காலியாக இருக்க, கம்பெனி ஊழியர்களை அதில் உட்காரவைத்தார்களாம். நாற்பது நிமிஷம் ஒரே வழுக்கல். பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நிகழாமையின் அழகியல்" என்று கருணாகரன் பேசி முடித்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள். "எழுந்ததே வூட்டுக்குப் போவத்தான் மாமு," என்றான் ஜார்ஜ். "அந்தாளு நெனிச்சிக்கினாரு தனக்குன்னு." வெற்றி சிரிக்கவில்லை. வக்கீலுக்கு நகல் போய்ச் சேர்ந்துவிட்டது. விபத்துக்கும் கப்பலுக்கும் சம்பந்தமில்லை என்று பேப்பரில் ஒரு மூலையில் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் மாசானம் படகை இறக்கினான். பொம்பளை ஏறக் கூடாது என்று ஒரு பெரியவர் கரையிலிருந்து சொன்னார். "ஏறுவேன்," என்றாள் சௌமியா. ஏறினாள். பூ, பால், ராமதாஸுக்குப் பிடித்த பீடிக் கட்டு. வெற்றியும் ஏறினான், முகத்துவாரம் தாண்டுவதற்குள் இரண்டு முறை குடல் வெளியே வந்தது. மாசானம் கரையை விட்டது முதல் ஒரு வார்த்தை பேசவில்லை. காய்ச்சல் வந்த அந்த நாளிலிருந்தே அவன் அப்படித்தான்.

வெற்றி எண்ணைச் சொல்லச் சொல்ல மாசானம் படகை விட்டான். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் பின்னால் நின்றன. கோபுரம் விரல் அளவுக்குத் தெரிந்தது.

"இதான்," என்றான் வெற்றி.

தண்ணீர் மற்ற இடத்துத் தண்ணீர் மாதிரியே இருந்தது. சௌமியா பால் செம்பைக் கையில் எடுத்தாள். நீரோட்டம் படகைத் தள்ளிக்கொண்டு போகாமல் இருக்க, எந்த மீன்காரனும் செய்கிற மாதிரி, மாசானம் கைப்பிடியை ஒரு பக்கம் வளைத்து அந்த இடத்தைச் சுற்றிப் படகை மெல்லத் திருப்பினான்.

"சுத்தாத!" என்று சௌமியா அலறினாள். செம்பு உருண்டு பால் பலகையில் கொட்டியது. "சுத்தாதடா! நிறுத்து! நிறுத்துடா மாசானம்!"

மாசானம் மோட்டாரை அணைத்தான்.

அலைச் சத்தம் மட்டும் இருந்தது. சௌமியா பலகையைப் பிடித்தபடி தண்ணீரைப் பார்த்தாள். வெற்றி பூவை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அவள் போடவில்லை. படகு அந்த இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டிருந்தது. மோட்டாரைப் போடட்டுமா என்று கேட்க மாசானத்துக்கு வாய் வரவில்லை. போடு என்று சொல்ல மற்ற இரண்டு பேருக்கும் வரவில்லை.